பனிப்பலகையின் கதை: ஸ்டைலுக்கு மார்க் போட முடியுமா?

மலருக்குக் கட்டுரை என்றால் ஹாஸ்டல் மெஸ், அரியர் பேப்பர், கல்ச்சுரல்ஸ் என்று எழுதுவதுதான் சம்பிரதாயம். அதையெல்லாம் என்னைவிட ருசியாக எழுதக்கூடிய மூத்தவர்கள் இந்த மலரிலேயே இருக்கிறார்கள். அதனால் நான் கொஞ்சம் தூரமாக, பனிமலைப் பக்கம் போகிறேன்.

நம்மில் பலர் பனி என்று பார்த்தது, ஊட்டியில் ஜனவரி விடியற்காலையில் புல்லின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அந்த உறைபனியைத்தான். இருந்தாலும் ஸ்னோபோர்டிங்கின் கதை நமக்குச் சம்பந்தமில்லாதது என்று தள்ளிவிட முடியாது. அந்த விளையாட்டின் அறுபது வருஷ வரலாறு முழுக்க ஒரே சண்டைதான் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. ஒருவன் ஒரு காரியத்தை ‘நன்றாகச் செய்தான்’ என்று எப்படித் தீர்மானிப்பது? எண்ணிப் பார்த்தா, இல்லை, பார்த்த மாத்திரத்தில் மனசுக்குத் தோன்றுவதை வைத்தா? செமஸ்டருக்கு ஒரு மார்க் ஷீட் வாங்கியவர்களுக்கு இந்தச் சண்டை புரியும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஸ்கீ என்பது காலுக்கு ஒன்றாக இரண்டு நீளமான பட்டைகள், கைக்கு ஒன்றாக இரண்டு கோல்கள். முகம், போகிற திசையைப் பார்த்திருக்கும். ஸ்னோபோர்டு என்பது ஒரே பலகை. இரண்டு கால்களையும் அதன் மேல் குறுக்குவாட்டில் பிணைத்துக்கொண்டு, கடலில் அலைச்சறுக்குக்காரர்கள் நிற்பதுபோல் பக்கவாட்டில் நின்று மலையிறங்க வேண்டும். கோல் கிடையாது. கைகள் இரண்டும் சும்மா இருக்கின்றன. இந்தச் ‘சும்மா இருக்கிற கை’யை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பொம்மையாகப் பிறந்தது

1965-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரம். ஷெர்மன் பாப்பன் என்ற என்ஜினீயர், தன் பெண் குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்ட, இரண்டு ஸ்கீக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாகப் பிணைத்தார். குழந்தைகள் அதன் மேல் ஏறி நின்று மேட்டிலிருந்து சறுக்கினார்கள். அவருடைய மனைவி நான்ஸி ‘ஸ்னோ’வையும் ‘சர்ஃபரை’யும் ஒட்டவைத்து ‘ஸ்னர்ஃபர்’ என்று பெயர் சூட்டினார். பவுலிங் விளையாட்டுச் சாமான்கள் செய்துகொண்டிருந்த பிரன்ஸ்விக் கம்பெனி உரிமம் வாங்கி, அதைப் பொம்மையாக விற்றது. லட்சக்கணக்கில் போயிற்று. காலைப் பிணைக்க எதுவும் கிடையாது. முன்நுனியில் ஒரு கயிறு மட்டும் இருக்கும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு பிடிக்கிற மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

இதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, 1963-ல், நியூ ஜெர்சியில் டாம் சிம்ஸ் என்ற பள்ளிக்கூடத்துப் பையன் மரவேலை வகுப்பில் இதேபோல ஒன்றைச் செய்திருந்தான். முதலாண்டு கார்ப்பென்டரி ஷாப்பில் நாமெல்லாம் லேப் ஜாயின்ட் போட்டோமே, அந்த ரக வகுப்பு. அவனுக்கு ஸ்கேட்போர்டு பைத்தியம். குளிர்காலத்தில் தெருவெல்லாம் பனி மூடிவிட்டால் ஸ்கேட்போர்டு ஓட்ட முடியாது. சரி, பனியிலேயே ஓட்டுவோம் என்று ஒரு பலகையை இழைத்துவிட்டான். 

1970-களில் இது மூன்று இடங்களில் மூன்று விதமாக வளர்ந்தது. யூட்டா மாநிலத்தில் டிமித்ரி மிலோவிச் ‘வின்டர்ஸ்டிக்’ என்ற பலகைகளைச் செய்தார். மாவு மாதிரி ஆழமாகக் கொட்டிக் கிடக்கும் பனிக்கானவை அவை. பின்பக்கம் தகைவிலான் குருவி வால்போலப் பிளந்திருக்கும். கிழக்கே வெர்மான்ட் மாநிலத்தில், நியூயார்க் வேலையை விட்டுவிட்டு வந்த ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் 1977-ல் லண்டன்டெரி என்ற சிற்றூரில் பர்ட்டன் கம்பெனியை ஆரம்பித்தார். அந்தப் பக்கத்துப் பனி இறுகிக் கெட்டியாக இருக்கும், அதற்குப் பிடிமானமும் வேகமும் முக்கியம். கலிபோர்னியாவுக்குக் குடிபோன டாம் சிம்ஸுக்கோ ஸ்கேட்போர்டுதான் உலகம். பனியிலும் அதே வித்தைகளைத் தேடினார். ஒருவருக்கு அலை, ஒருவருக்குப் பந்தயம், ஒருவருக்கு வித்தை. பின்னால் வந்த சண்டைகள் எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

முதல் சண்டை 1979-லேயே வந்துவிட்டது. மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்கு ஜேக் பர்ட்டன் தன் சொந்தப் பலகையோடு போனார். அதில் காலைப் பிணைக்கும் வார் இருந்தது. ‘இது ஸ்னர்ஃபரே இல்லை, சேர்க்கக் கூடாது’ என்று மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். கடைசியில் அவருக்காகத் தனிப் பிரிவு ஒன்று ஏற்படுத்தி ஓடவிட்டார்கள், ஜெயித்தார். பொம்மை, விளையாட்டாக மாறிய நாள் என்று அதைச் சொல்லலாம்.

‘உள்ளே வராதே’ காலம்

1982-ல் வெர்மான்ட்டில் சூசைட் சிக்ஸ் என்ற மலையில் (பெயரைப் பாருங்கள்!) தேசிய அளவிலான போட்டியை பால் கிரேவ்ஸ் என்பவர் நடத்தினார். அப்போது போட்டி என்றால் ஸ்கீயைப் பார்த்துக் காப்பியடித்த ஓட்டப் பந்தயம்தான். யார் முதலில் கீழே வருகிறார்கள் என்பதே கேள்வி. கடிகாரம் பதில் சொல்லிவிடும்.

பெரிய தொல்லை போட்டியில் இல்லை, மலையில் கால் வைப்பதில்தான் இருந்தது. ஸ்கீ மையங்கள் ஸ்னோபோர்டுக்காரர்களை லிஃப்டில் ஏற்றவே மறுத்தன. 1985-ல் அமெரிக்காவின் சுமார் 600 மையங்களில் 39-ல் மட்டுமே அனுமதி என்பது, இந்த விளையாட்டின் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கணக்கு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் யார் தருவது என்பது ஒரு காரணம். பக்கவாட்டில் நிற்பவர்களுக்கு முதுகுப் பக்கம் வருகிறவர்கள் தெரியாது என்பது இன்னொன்று. சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. ஸ்கீ அப்போது வசதியானவர்களின் குடும்பப் பொழுதுபோக்கு. ஸ்கேட்போர்டு பையன்கள் வந்து கத்திக்கொண்டு குதிப்பதை அவர்கள் ரசிக்கவில்லை. அனுமதித்த சில இடங்களிலும், முதலில் பரீட்சை வைத்து, பாஸானால்தான் லிஃப்ட் என்றார்கள். வெர்மான்ட்டின் ஸ்ட்ராட்டன் மலை 1983-ல் கதவைத் திறந்தது பெரிய திருப்பம்.

அதே 1985-ல் ஜேம்ஸ் பாண்ட் கைகொடுத்தார். ‘எ வியூ டு எ கில்’ படத்தின் ஆரம்பத்தில் பாண்டை வில்லன் ஆட்கள் பனியில் துரத்துவார்கள். உடைந்த பனி வண்டியின் முன்பட்டையைப் பலகையாக்கி அவர் சறுக்கித் தப்பிப்பார். ரோஜர் மூருக்குப் பதிலாக அந்தக் காட்சியில் சறுக்கியவர் வேறு யாருமில்லை, நம்ம டாம் சிம்ஸ்தான்! மலை மேலே விடாதவர்களைத் திரையில் உலகமே பார்த்துக் கைதட்டியது.

1990-களில் பெரும்பாலான மலைகள் திறந்துவிட்டன. கொள்கை மாற்றம் என்பதைவிடக் கல்லாப்பெட்டிதான் காரணம். இளைஞர்கள் ஸ்கீயை விட்டு ஸ்னோபோர்டுக்குப் போனார்கள், டிக்கெட் விற்க வேண்டுமே. இருந்தும் யூட்டாவின் ஆல்ட்டா, டியர் வேலி, வெர்மான்ட்டின் மேட் ரிவர் க்ளென் மூன்றும் பிடிவாதமாக இருந்தன. ஆல்ட்டாவை எதிர்த்து 2014-ல் வழக்கே போட்டார்கள். அரசாங்க வன நிலத்தில் நடக்கும் மையம் இப்படிப் பாகுபாடு காட்டலாமா என்று கேட்டார்கள். 2016-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள்.

விரட்டப்பட்டதற்கு ஒரு விளைவு உண்டு. யாரும் சேர்த்துக்கொள்ளாதவர்கள் தங்களுக்குள் ஒரு கூட்டமாகிவிடுவார்கள். தங்களுக்கென்று ஒரு பேச்சு, ஒரு உடுப்பு, ஒரு மரியாதை முறை ஏற்படும். கோச் கிடையாது, பாடத்திட்டம் கிடையாது. ‘அவன் எப்படிப் போகிறான் பார்’ என்பதுதான் அவர்களுடைய ஒரே அளவுகோல்.

குப்பைக் கிடங்கு ஓரத்துப் பள்ளம்

கலிபோர்னியாவில் டாஹோ ஏரிப் பக்கம், ஊர்க் குப்பைக் கிடங்கு அருகே, இரு பக்கமும் கரை உயர்ந்த ஓடைபோல ஒரு பள்ளம் இருந்தது. 1979 வாக்கில் சில பையன்கள் அதில் பலகையோடு இறங்கி, ஒரு கரையில் ஏறி, காற்றில் எழும்பித் திரும்பி, மறுகரைக்குப் போய் விளையாடினார்கள். வாய்க்கால் மாதிரி குறுக்குவெட்டு, அரைக் குழாய் வடிவம். அதனால் ஹாஃப்பைப். ஸ்கேட்போர்டில் ஏற்கெனவே இருந்த வடிவத்தைப் பனியில் கண்டுபிடித்தார்கள். ஸ்னோபோர்டு உலகத்துக்கு அது தீர்த்தத்தலம் மாதிரி ஆகிவிட்டது.

1983-ல் அதே டாஹோ வட்டாரத்தில், சோடா ஸ்பிரிங்ஸில், டாம் சிம்ஸ் ஒரு உலக சாம்பியன்ஷிப் நடத்தி ஹாஃப்பைப்பை ஒரு பிரிவாக்கினார். கிழக்கிலிருந்து வந்த பர்ட்டன் அணிக்கு இது பிடிக்கவில்லை. ‘குழிக்குள் குதிப்பதற்கும் ஸ்னோபோர்டிங்குக்கும் என்ன சம்பந்தம்?’ என்கிற தோரணையில், போட்டியைப் புறக்கணிப்போம் என்றார்கள். இன்றைக்கு ஸ்னோபோர்டு என்றாலே முதலில் நினைவுக்கு வருவது ஹாஃப்பைப்தான் என்பதை யோசித்தால் சிரிப்பு வருகிறது.

பள்ளத்துக்குள் விளையாடியதால் பலகையே மாறியது. பந்தயப் பலகைக்கு முன்நுனி கூர், பின்பக்கம் வெட்டிவிட்டாற்போல இருக்கும். ஒரே திசையில்தான் போகும். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது பின்னோக்கியும் போக வேண்டும். டாஹோ பையன்களில் ஒருவரான டெரி கிட்வெல் பெயரில் 1980-களின் நடுவில் சிம்ஸ் கம்பெனி வெளியிட்ட பலகையில் வாலும் வளைந்து உருண்டது. அங்கிருந்து, இரு நுனியும் ஒரே மாதிரி இருக்கும் சமச்சீர்ப் பலகைகள் வந்தன. விளிம்பில் எஃகுப் பட்டை, கணுக்காலுக்குப் பின்னால் உயரமான தாங்கி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஆட்டம் கருவியை மாற்ற, கருவி ஆட்டத்தை மாற்ற, இது ஒரு ஃபீட்பேக் லூப்.

சுற்றே இல்லாத வித்தை

‘ஸ்டைல்’ என்றால் என்ன? தமிழ்நாட்டுக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிகரெட்டை எல்லோரும்தான் வாயில் வைக்கிறார்கள், ரஜினி வைத்தால் தியேட்டர் விசிலடிக்கிறது. காரியம் ஒன்றுதான், செய்கிற விதம்தான் வேறு.

ஸ்னோபோர்டில் இதற்கு உரைகல் ‘மெத்தட்’ என்ற வித்தை. ஸ்கேட்போர்டிலிருந்து வந்தது. காற்றில் எழும்பியதும் முழங்காலை மடக்கி, சும்மா இருக்கிற முன்கையால் பலகையின் குதிகால் பக்கத்து விளிம்பைப் பிடித்து, முதுகு வில்லாக வளைய, பலகையைப் பின்னால் இழுக்க வேண்டும். ஒரு கணம் அப்படியே உறைந்து நின்று, விட்டுவிட்டு இறங்க வேண்டும். சுழற்சி என்று பார்த்தால் பூஜ்யம் டிகிரி! ஆனால் பழைய ஆட்களைக் கேட்டால், ஒருவன் யார் என்பதை அவனுடைய மெத்தட்டை வைத்தே சொல்லிவிடுவார்கள். வாஷிங்டன் மாநிலத்து ஜேமி லின் 1990-களில் போட்ட மெத்தட் அப்படிப் பெயர் பெற்றது. தான் சறுக்கிய பலகைகளுக்குத் தானே ஓவியமும் வரைந்தவர் அவர்.

1980-களின் கண்ணைப் பறிக்கும் மஞ்சள், ரோஸ் உடுப்புகள் 1990-களின் தொடக்கத்தில் மறைந்து, தொளதொள பேன்ட்டும் கட்டம்போட்ட சட்டையும் வந்தன. நகரத்து ஸ்கேட்போர்டு பையன்களின் உடை மலையேறிவிட்டது. இந்தக் கலாசாரம் பரவியது போட்டிகளால் அல்ல, பத்திரிகைப் படங்களாலும் வி.எச்.எஸ். கேசட்டுகளாலும். ஒருவன் வருஷம் முழுக்க உழைத்து மூன்று நிமிஷப் படம் கொடுப்பான். அதில் மார்க் இல்லை. பார்த்தவர்கள் கேசட்டை ரீவைண்ட் செய்து திரும்பப் பார்த்தார்களா இல்லையா, அதுதான் ரிசல்ட்.

அந்த மனப்பான்மையின் உச்சம் கிரெய்க் கெல்லி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த பையன், நான்கு முறை உலக சாம்பியன் ஆனார். 1990-களின் தொடக்கத்தில், ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே, போட்டிகளை விட்டுவிட்டு லிஃப்ட் இல்லாத மலைகளுக்குப் போய்விட்டார். கண்டிராத சரிவில், தொடாத பனியில், நன்றாக ஒரு வளைவு போடுவதே தனக்கு வேண்டியது என்ற முடிவு. மலை வழிகாட்டியாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது 2003 ஜனவரி 20 அன்று கனடாவில் ரெவல்ஸ்டோக் அருகே பனிச்சரிவில் அவரும் இன்னும் ஆறு பேரும் இறந்தார்கள். இன்றும் ஸ்டைல் என்று பேச ஆரம்பித்தால் அவர் பெயர் வராமல் இருக்காது.

ஒலிம்பிக் என்ற பரீட்சை

ஸ்னோபோர்டுக்காரர்கள் 1990-ல் தங்களுக்கென்று சர்வதேச ஸ்னோபோர்டு கூட்டமைப்பு ஒன்றை அமைத்திருந்தார்கள். ஆனால் விளையாட்டை ஒலிம்பிக்கில் சேர்த்தபோது, ஒலிம்பிக் கமிட்டி பொறுப்பை அவர்களிடம் தரவில்லை. சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பிடம் தந்தது. பத்து வருஷம் முன்னால் லிஃப்டில் ஏற்றாதவர்களின் கையில் சாவி! நார்வேயின் டெர்யே ஹாகன்சன் அப்போது ஹாஃப்பைப்பின் மிகச் சிறந்த ஆளாகக் கருதப்பட்டவர், மூன்று முறை உலக சாம்பியன். 1998 நாகானோ ஒலிம்பிக்குக்குப் போக மாட்டேன் என்று சொல்லி, போகாமலே இருந்துவிட்டார். ஸ்னோபோர்டுக்காரர்களின் சொந்தக் கூட்டமைப்போ 2002-ல் மூடப்பட்டுவிட்டது.

நாகானோவில் முதல் தங்கம் கனடாவின் ராஸ் ரெபக்லியாட்டிக்கு, ஜயன்ட் ஸ்லாலம் பந்தயத்தில். உடனே பரிசோதனையில் கஞ்சாவின் சுவடு தெரிந்தது என்று பதக்கத்தைப் பறித்தார்கள். ஆனால் கஞ்சா தடைப்பட்டியலில் முறையாக இல்லவே இல்லை என்பதால் மேல்முறையீட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். ‘இந்தப் பையன்களை உள்ளே விட்டது சரிதானா?’ என்று ஒரு பக்கமும், ‘நாம் இங்கே வந்தது சரிதானா?’ என்று இன்னொரு பக்கமும் கேட்டுக்கொண்டன.

ஆனால் பெரிய மாற்றம் மார்க்கில்தான். ஓட்டப் பந்தயத்துக்குக் கடிகாரம் போதும். ஹாஃப்பைப்புக்கு என்ன செய்வது? நாகானோ காலத்தில் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு நடுவர் சுழற்சிகளைப் பார்ப்பார், ஒருவர் உயரத்தைப் பார்ப்பார் என்று ஆளுக்கு ஒரு அம்சம். பிற்பாடு ‘ஒட்டுமொத்தப் பதிவு’ என்று எல்லா நடுவர்களும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மார்க் போடும் முறை வந்தது. இருந்தும் விவாதம் என்று வந்தால் நடுவருக்குத் தெம்பு தருவது எண்தான். இவன் 1080, அவன் 1260 என்றால் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது. ‘அவன் அழகாகப் பிடித்தான்’ என்றால் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். நம்ம ஊர் சபாக்களில் கோர்வைக் கணக்கு பெரிதா, சௌக்கியம் பெரிதா என்று ரசிகர்கள் அடித்துக்கொள்வதில்லையா, அதே கதை.

இரண்டு விநாடி பட்ஜெட்

இந்த இடத்தில் கொஞ்சம் பிசிக்ஸ். பயப்பட வேண்டாம், முதலாண்டு பாடம்தான்.

1990-களில் ஹாஃப்பைப்பின் சுவர் பத்துப் பன்னிரண்டு அடி உயரம். மண்வெட்டியால் செதுக்கிக்கொண்டிருந்த வேலையை, விவசாய இயந்திரங்களில் கைதேர்ந்த டக் வாஃ என்ற கொலராடோக்காரர் உருவாக்கிய ‘பைப் டிராகன்’ என்ற இயந்திரம் எளிதாக்கியது. சுவர் வழவழவென்று ஒரே வளைவாக அமைந்தது. படிப்படியாக வளர்ந்து 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் 22 அடி ஆகிவிட்டது. சுவர் உயர்ந்தால் எழும்பும் உயரமும் கூடும்.

சுவரின் விளிம்புக்கு மேல் ஒரு மீட்டர் எழும்பினால், ஏறி இறங்கக் கிடைக்கும் நேரம் சுமார் 0.9 விநாடி. ஆறு மீட்டர் எழும்பினால் சுமார் 2.2 விநாடி. தரையை விட்டபின் சுழற்சி உந்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. உடம்பைச் சுருட்டினால் வேகமாகச் சுற்றலாம், விரித்தால் சுற்று மெதுவாகும். சுழல் நாற்காலியில் கையை மடக்கி விரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1440 டிகிரி என்றால் நான்கு முழுச் சுற்று. அதை 2.2 விநாடியில் முடிக்க வேண்டும்.

இப்போது மெத்தட்டை நினைத்துப் பாருங்கள். உடம்பை விரிக்க வேண்டும், வளைக்க வேண்டும், ஒரு கணம் உறைய வேண்டும். விரித்தால் சுற்று குறையும், உறைந்தால் நேரம் போகும். ஆக, ஸ்டைலும் சுற்று எண்ணிக்கையும் ஒரே பட்ஜெட்டிலிருந்து செலவாகின்றன. அந்த இரண்டு விநாடியை எதற்குக் கொடுப்பது? பிடிக்கிற கை பெயருக்குத் தொட்டுவிட்டு வந்தால் இன்னொரு அரைச் சுற்று கிடைக்கும். சண்டை ரசனையைப் பற்றியது மட்டுமல்ல, அடியில் இயக்கவியலும் இருக்கிறது.

பட்ஜெட் எந்தப் பக்கம் போயிற்று என்பதற்கு எண்களே சாட்சி. 1984-ல் மைக் மெகில் ஸ்கேட்போர்டில் செய்து காட்டிய 540 டிகிரி ‘மெக்ட்விஸ்ட்’தான் ஒரு காலத்தில் பனியிலும் பெரிய வித்தை. 2010-ல் ஷான் வைட் வான்கூவரில் 1260 டிகிரியில் இரட்டைக் குட்டிக்கரணம் போட்டுத் தங்கம் வாங்கினார். 2022 பெய்ஜிங்கில் ஜப்பானின் அயுமு ஹிரானோ 1440 டிகிரியில் மூன்று குட்டிக்கரணம். பெரிய தளத்திலிருந்து பறக்கும் ‘பிக் ஏர்’ பிரிவில், 2025 ஜனவரியில் ஆஸ்பெனில் நடந்த எக்ஸ் கேம்ஸில் ஜப்பானின் ஹிரோட்டோ ஒகிவாரா 2340 டிகிரி சுற்றினார். ஆறரைச் சுற்று! சாதாரணக் கண்ணால் எண்ணவே முடியாது.

எண்ணின் விலை

இந்த ஏற்றத்துக்கு விலையும் இருந்தது. 2009-ல் ஷான் வைட்டுக்காக ரெட் புல் கம்பெனி கொலராடோ மலையில் தனி ஹாஃப்பைப்பும், விழுந்தால் அடிபடாத நுரைப் பள்ளமும் கட்டிக் கொடுத்தது. இரட்டைக் குட்டிக்கரணம் அங்கே உருப்பெற்றது. மற்றவர்களும் துரத்தினார்கள். அவருக்குச் சரியான போட்டியாக இருந்த கெவின் பியர்ஸ் 2009 டிசம்பர் 31 அன்று யூட்டாவில் அந்த ரக வித்தையைப் பயிற்சி செய்யும்போது தலை மோதி விழுந்தார். மூளையில் கடும் காயம். உயிர் பிழைத்து மீண்டார், ஆனால் போட்டி வாழ்க்கை அன்றோடு முடிந்தது.

அடுத்த ஒன்றரை மாதத்தில் அந்த ஒலிம்பிக் வந்தது. அமெரிக்க ஸ்னோபோர்டு அணியின் சீருடை என்ன தெரியுமா? கட்டம்போட்ட சட்டை, வெளுத்த ஜீன்ஸ். உண்மையில் ஜீன்ஸ் இல்லை. நீர் புகாத செயற்கைத் துணியில் ஜீன்ஸ் மாதிரி அச்சடித்தது! சீருடையே வேண்டாம் என்றிருந்த கூட்டத்துக்கு, ‘சீருடை இல்லாத மாதிரி’ ஒரு சீருடை.

ஸ்டைல் சும்மா விட்டுவிடவும் இல்லை. 2006 டூரின் ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு கிராஸ் என்ற பந்தயம் அறிமுகமானது. கூட்டமாக ஓடி முதலில் வருபவருக்கு வெற்றி, ஸ்டைலுக்கு அங்கே மார்க்கே இல்லை. அமெரிக்காவின் லிண்ட்ஸி ஜகோபெல்லிஸ் வெகுதூரம் முன்னால் வந்துகொண்டிருந்தார். கடைசிக்கு முந்தின மேட்டில், தேவையே இல்லாமல், காற்றில் பலகையைப் பிடித்து ஒரு அழகு காட்டினார். விழுந்தார். சுவிட்சர்லாந்தின் தான்யா ஃப்ரீடன் தாண்டிப் போய்த் தங்கம் வாங்கினார். உலகமே திட்டியது. ஆனால் அந்தக் கை ஏன் போயிற்று என்பது ஸ்னோபோர்டுக்காரர்களுக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்து அவர்கள் காற்றில் ஏறினாலே கை பலகையைத் தேடும். அடுத்த மூன்று ஒலிம்பிக்கிலும் அவருக்குப் பதக்கம் இல்லை. பதினாறு வருஷம் கழித்து, 2022 பெய்ஜிங்கில், 36 வயதில் தங்கம் வாங்கினார்.

2014 சோச்சியில் ‘ஸ்லோப்ஸ்டைல்’ முதன்முறையாக வந்தது. மற்றவர்கள் மூன்று குட்டிக்கரணம் போட, அமெரிக்காவின் ஸேஜ் காட்ஸன்பர்க் அதைப் போடாமல், விதவிதமாகப் பலகையைப் பிடித்தே தங்கம் வாங்கினார். ‘எண்ணிக்கை மட்டும் போதாது’ என்று நடுவர்களே சொன்ன நாள் அது. எட்டு வருஷம் கழித்து அதே பிரிவில் தலைகீழ். கனடாவின் மேக்ஸ் பாரோ ஒரு தாவலில் பலகைக்குப் பதில் முழங்காலைப் பிடித்தார். நடுவர்களுக்குக் கிடைத்த காமிராக் கோணத்தில் அது தெரியவில்லை, தங்கம் அவருக்கே போயிற்று. ‘பிடி’ என்பது வெறும் அலங்காரம் என்றால் உலகம் அன்று அவ்வளவு கூச்சல் போட்டிருக்காது.

அதே பெய்ஜிங்கில் ஹிரானோவின் கதையும் பார்க்க வேண்டியது. இரண்டாவது முறை அவர் செய்ததற்கு 91.75 மார்க்தான். ஆஸ்திரேலியாவின் ஸ்காட்டி ஜேம்ஸுக்கு 92.50. அரங்கமே கொதித்தது. ஹிரானோ மறுபடி மேலே போய், கிட்டத்தட்ட அதையே இன்னும் சுத்தமாகச் செய்து 96.00 வாங்கித் தங்கம் ஜெயித்தார். ரீவேல்யுவேஷனுக்கு அப்ளிகேஷன் போடாமல் பரீட்சையையே திரும்ப எழுதிய மாதிரி!

மார்க் இல்லாத மலைகள்

இதற்கு நடுவில், வேறொரு பக்கம் பழைய வளைவுகள் திரும்பி வந்திருக்கின்றன. ஜப்பானின் நிசெகோவில் தாரோ தமாய் 1998-ல் ஆரம்பித்த ‘ஜென்டெம்ஸ்டிக்’ பலகைகள், சுற்றுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பனியில் அலைபோல வளைந்து போவதற்கு. பார்த்தால் மிலோவிச்சின் பிளந்த வால் ஞாபகத்துக்கு வரும். 2021-ல் டிராவிஸ் ரைஸ் ஆரம்பித்த ‘நேச்சுரல் செலக்‌ஷன்’ போட்டியில் களம் இயற்கையான மலைச்சரிவு. அங்கே ஒரே மெத்தட்டை நன்றாகப் போட்டவருக்கும் மரியாதை இருக்கிறது. 

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மவுண்ட் பேக்கர். வாஷிங்டன் மாநிலத்தில் 1985-ல் தொடங்கிய பந்தயம். இயற்கையான ஓடைப் பள்ளத்தில் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். நடுவர் கிடையாது, கடிகாரம் மட்டும். உலக சாம்பியன்கள், ஒலிம்பிக் ஆட்கள், உள்ளூர்ப் பையன்கள், ஐம்பது வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே பாதையில் இறங்குவார்கள். கிரெய்க் கெல்லியும் ஹாகன்சனும் ஜெயித்த பந்தயம் இது. முதல் பரிசு என்ன? பொன்னிறத்தில் ஒரு டேப் சுருள். பூட்ஸும் கையுறையும் கிழிந்தால் சுற்றி ஒட்டுவார்களே, அந்த டக்ட் டேப். 

ஒலிம்பிக்கை நான் குறை சொல்லவில்லை. மார்க் வந்ததால்தான் பணம் வந்தது, பெரிய சுவர் வந்தது, 2018-ல் 17 வயது க்ளோயி கிம் அடுத்தடுத்து இரண்டு 1080 போட்டுத் தங்கம் வாங்குவதை உலகமே பார்க்க முடிந்தது. மார்க் இல்லையென்றால் நாமும் இந்தக் கல்லூரி வாசலுக்குள் வந்திருக்க மாட்டோம். அதே சமயம், நம் வகுப்பில் நன்றாக டிசைன் செய்பவர் யார் என்பது ரேங்க் லிஸ்ட் ஒட்டுவதற்கு முன்னாலேயே டிராயிங் ஹாலில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின. எப்போதும் அல்ல.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு: சி.ஜி.பி.ஏ.வைக் காப்பாற்றுங்கள், கேம்பஸ் இன்டர்வியூ வாசலில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். கூடவே, யாரும் மார்க் போடாத ஒரு வேலையையும் கையில் வைத்துக்கொண்டு, அதை உங்கள் மனசுக்குத் திருப்தியாகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பரிசு ஒரு டேப் சுருளாக இருந்தால்கூடப் பரவாயில்லை.